ஆங்கிலப் பேச்சைக் காதால் பிடிக்கும் திறன்: மதிப்பெண்ணைத் தாண்டி எப்படிச் சோதிப்பது?

தேவிபட்டினம் செவிலி

அனைவருக்கும் வணக்கம். நான் செவிலியர் பட்டம் முடித்து இராமநாதபுரத்தில் ஒரு தனியார் மருத்துவமனையில் பணியாற்றிக்கொண்டே, பிரிட்டனில் வேலைக்குச் செல்வதற்காக மருத்துவத் துறையினருக்கான ஆங்கிலத் தேர்வான ஓஇடி தேர்வுக்கு ஆயத்தமாகி வருகிறேன். அங்குள்ள செவிலியர் பதிவு மன்றம் கேட்டல், வாசித்தல், பேசுதல் ஆகிய மூன்றிலும் 350 மதிப்பெண்ணும், எழுதுதலில் 300 மதிப்பெண்ணும் எதிர்பார்க்கிறது. மாதிரித் தேர்வுகளில் மற்றவை எல்லாம் கைக்கு எட்டிவிடுகின்றன. கேட்டல் மட்டும் 300-ஐ ஒட்டியே நின்றுவிடுகிறது.

நான் சேர்ந்திருந்த பயிற்சி மையத்தில் வாரந்தோறும் ஒரு மாதிரித் தேர்வு வைப்பார்கள். விடைத்தாளைத் திருத்தி, கேட்டல் பகுதியின் 42 வினாக்களுக்கு இத்தனை சரி என்று எழுதிக் கொடுத்துவிட்டு, "இன்னும் நிறையக் கேளுங்கள்" என்று சொல்லி அனுப்புவார்கள். எதைக் கேட்பது, எப்படிக் கேட்பது, என் காது எந்த இடத்தில் நழுவுகிறது என்று விசாரித்தால் யாரிடமும் பதில் இல்லை. காய்ச்சல் எத்தனை டிகிரி என்று சொல்லிவிட்டு, அது மலேரியாவா டைபாய்டா என்று பாராமலேயே மருந்து கொடுப்பது போல இருக்கிறது இந்த வைத்தியம். எழுத்தில் வாசித்தால் ஒரு தடையும் இல்லாத அதே உரையாடல், ஒலியாக வரும்போது பாதிக்கு மேல் கலங்கிப் போகிறது. பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ் வழியில் படித்தவள் நான். குறை எங்கே இருக்கிறது என்று வீட்டிலிருந்தபடியே கண்டறியும் சோதனை ஏதேனும் உண்டா?

பனைக்குளம் அபு

சகோதரி, நான் துபாயில் கிடங்குக் கண்காணிப்பாளராகப் பல ஆண்டுகள் இருந்தவன். ஆங்கிலப் படங்களைத் தமிழ்த் துணையெழுத்தோடு பாருங்கள். நாளாவட்டத்தில் தானாகவே பழகிவிடும்.

மண்டபம் ஆசிரியர்

அபு சொன்னதை நான் மதிக்கிறேன், ஆனால் உடன்பட இயலவில்லை. தமிழ்த் துணையெழுத்து திரையில் ஓடும்போது நம் கண் அதை வாசித்து முடித்துவிடுகிறது. காதுக்கு வேலையே இருப்பதில்லை. கதை விளங்கிய நிறைவில், ஆங்கிலமும் விளங்கியதாக நினைத்துக்கொள்கிறோம். துணையெழுத்து வேண்டுமானால் ஆங்கிலத்திலேயே இருக்க வேண்டும், அதுவும் துணையின்றி ஒரு முறை கேட்டு முடித்த பிறகே வர வேண்டும்.

செவிலியம்மா கேட்ட கேள்விக்கு வருகிறேன். கேட்டலில் சறுக்குகிறது என்று பொதுவாகச் சொல்கிறோமே தவிர, சறுக்கும் இடங்கள் ஒன்றுக்கொன்று முற்றிலும் வேறானவை. பேசப்பட்ட சொல்லே தெரியாமல் இருக்கலாம். சொல் தெரியும், ஆனால் அது பேச்சில் வரும் வடிவம் தெரியாமல் இருக்கலாம். சொற்களையெல்லாம் பிடித்துவிட்டு, வாக்கியம் முடிவதற்குள் முதற்பாதியை மறந்துவிடலாம். அனைத்தையும் பிடித்தும் பேசியவரின் கருத்தைப் பிழையாக எடுத்துக்கொள்ளலாம். 42-க்கு 26 என்பது போன்ற ஓர் எண்ணில் இந்த நான்கும் ஒன்றாகக் கரைந்து கிடக்கின்றன. மருந்தோ நான்குக்கும் வேறு வேறு.

பிரித்தறிய நான் மாணவர்களுக்குக் கொடுக்கும் சோதனைக்குச் செலவே கிடையாது. எழுத்து வடிவமும் உடன் கிடைக்கின்ற ஓர் ஒலிப்பதிவை எடுத்துக்கொள்ள வேண்டும். பிபிசியின் ஆங்கிலம் கற்பிக்கும் பக்கத்தில் உள்ள ஆறு நிமிட உரையாடல்களுக்கு அப்படி முழு எழுத்து வடிவம் இருக்கிறது, ஓஇடி மாதிரித் தேர்வுகளுக்கும் இருக்கிறது. அதில் அரை நிமிடம் போதும். முதலில் பேனாவைத் தொடாமல் ஒரு முறை கேட்டு, யார் யாரிடம் எதைப் பற்றிப் பேசுகிறார்கள் என்று ஒரே வாக்கியத்தில் தமிழில் எழுதி வைக்க வேண்டும். பிறகு அதே துண்டைச் சிறு சிறு பகுதியாக நிறுத்தி, காதில் விழுந்ததை ஒரு சொல்லும் விடாமல் எழுத வேண்டும். விளங்காத இடத்தில் ஊகித்து நிரப்பாமல், கேட்ட ஒலியைத் தமிழ் எழுத்திலாவது குறித்து வைக்க வேண்டும். ஒவ்வொரு பகுதியையும் மூன்று முறைக்கு மேல் கேட்கக் கூடாது, ஏனெனில் அதற்குப் பிறகு காது ஓய்ந்து ஊகம் வேலை செய்யத் தொடங்கிவிடுகிறது. கடைசியாக எழுத்து வடிவத்தைத் திறந்து, விடுபட்ட ஒவ்வொரு சொல்லுக்கும் நேரே ஒரே ஒரு கேள்வியைக் கேட்டுக்கொள்ள வேண்டும்: இந்தச் சொல்லை அச்சில் பார்த்திருந்தால் எனக்குப் பொருள் தெரிந்திருக்குமா?

தெரிந்திருக்காது என்றால் அது சொல்வளக் குறை. தெரிந்திருக்கும் என்றால் அது காதின் குறை. இந்த ஒரு கேள்வியே பாதி நோயைப் பிரித்துக் காட்டிவிடும்.

ஓர் எடுத்துக்காட்டைக் கிட்டத்தில் வைத்துப் பார்ப்போம். நோயாளி ஒருவர், "ஐ ஷுட் ஹாவ் டோல்ட் ஹிம் அபவுட் இட் எ கப்பிள் ஆஃப் வீக்ஸ் அகோ" என்கிறார். ஓரிரண்டு வாரத்துக்கு முன்பே மருத்துவரிடம் இதைச் சொல்லியிருக்க வேண்டும் என்பது பொருள். அச்சில் பன்னிரண்டு சொற்கள், ஒன்றுகூட அரிய சொல் அன்று. இயல்பான வேகத்தில் அவர் வாயிலிருந்து வருவதோ ஏறக்குறைய "ஐ ஷுடவ் டோல்டிம் அபவ்டிட, கப்ளவீக்ஸகோ" என்பதுதான். 'ஹாவ்' வெறும் 'அவ்' ஆகிவிட்டது, 'ஹிம்' தன் முதல் ஒலியை இழந்து 'டோல்ட்' மேல் ஏறிக்கொண்டது, 'ஆஃப்' ஓர் அரைகுறை அகரமாகச் சுருங்கிவிட்டது. ஆங்கிலத்தில் செய்தியைச் சுமக்கும் சொற்களுக்கே அழுத்தம் கிடைக்கும். இங்கே டோல்ட், கப்பிள், வீக்ஸ், அகோ என்ற நான்குக்கும் அது கிடைத்தது. இடையில் உள்ளவை ஒடுங்கிப் போவது பேசுபவரின் அலட்சியத்தால் அன்று, அம்மொழியின் தாளமே அப்படிப்பட்டது. பள்ளியில் நாம் ஒவ்வொரு சொல்லையும் சம எடையோடு உரக்க வாசித்துப் பழகியதால், நம் மனத்தில் பதிந்திருப்பது ஒவ்வொரு சொல்லின் தனி வடிவம் மட்டுமே.

இது நமக்கு அந்நியமான சங்கதியும் அன்று. மெய்யீற்றின் மேல் உயிர் வந்து ஒன்றும் என்றும், 'நாடு' என்பதன் ஈற்று உகரம் அரை மாத்திரையாகக் குறுகும் என்றும், 'நாடு' என்பதோடு 'என்ன' சேர்ந்தால் அந்த உகரம் ஓடியே போய் 'நாடென்ன' ஆகும் என்றும் பள்ளி இலக்கண வகுப்பில் எழுதித் தேறியவர்கள்தாமே நாம். 'டோல்டிம்' என்பதும் அதே புணர்ச்சிதான், குறுகல் மட்டும் இன்னும் கடுமையானது. தமிழ்வழியில் படித்ததைக் குறையாகச் சொன்னீர்கள். புணர்ச்சி விதி தெரிந்த மாணவிக்கு இந்தப் பகுதியை விளக்குவது எனக்கு எப்போதும் எளிதாகவே இருந்திருக்கிறது.

தங்கச்சிமடம் மெக்கானிக்

ஐயா, என் கேள்வியையும் இதோடு சேர்த்துக்கொள்ளுங்கள். விசைப்படகு இயந்திரங்களைப் பழுதுபார்ப்பது என் தொழில். புதிய வகை டீசல் இயந்திரங்களின் பம்பு, இஞ்செக்டர் வேலைகளை அமெரிக்க, ஆஸ்திரேலிய மெக்கானிக்குகள் யூடியூபில் விளக்குவதைப் பார்த்துத்தான் கற்றுக்கொள்கிறேன். பேச்சின் வேகத்தை 0.75 ஆகக் குறைத்துவைத்தும் பல இடங்களில் விளங்கவில்லை. குறிப்பாகச் சொற்களின் கடைசி ஒலி எனக்குக் கேட்பதே இல்லை. 'வால்வ்' என்றாரா 'வால்வ்ஸ்' என்றாரா என்று படத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்கிறேன். வேகத்தை இன்னும் குறைக்கலாமா?

மண்டபம் ஆசிரியர்

குறைக்க வேண்டாம், தம்பி. வேகத்தைக் குறைத்தால் ஒலி நீளுமே தவிர, பேசியவர் விழுங்கிய எழுத்து திரும்பி வராது. சுருங்கிய அகரம் நீண்ட, சுருங்கிய அகரமாகவே கேட்கும். சொற்கள் எங்கே ஒட்டிக்கொண்டன என்று ஒரு முறை ஆராய்ந்து பார்ப்பதற்கு மெதுவேகம் உதவும், அவ்வளவுதான். அமெரிக்காவின் குரல் வானொலி 1959-இல் தொடங்கிய 'ஸ்பெஷல் இங்கிலீஷ்' ஒலிபரப்பு வேறு வகையானது. அதில் ஏறத்தாழ 1500 சொற்களுக்குள், குறுகிய வாக்கியங்களில், வாசிப்பவரே நிறுத்தி நிறுத்திப் பேசினார். அது தொடக்க நிலையினருக்கு உகந்தது. ஆனால் அதிலேயே தங்கிவிட்டவர்களுக்கு இயல்பான பேச்சு கடைசிவரை எட்டாமலே போவதைப் பார்த்திருக்கிறேன்.

நீங்கள் சொல்லும் கடைசி ஒலிச் சிக்கல் மட்டும் எனக்கு வேறு ஏதோ ஐயத்தைத் தருகிறது. செவிச்சோதனை செய்பவர்கள் இங்கே இருந்தால் பதில் சொல்லட்டும்.

செவிச்சோதனையாளர், இராமநாதபுரம்

ஆசிரியரின் ஐயம் நியாயமானது. விசைப்படகு இயந்திரத்தின் அருகே ஆண்டுக்கணக்கில் நின்றவர் இப்படிச் சொன்னால், ஆங்கிலத்தைக் குறைகூறுவதற்கு முன்பு காதைப் பார்க்க வேண்டும். நாள் ஒன்றுக்கு எட்டு மணி நேரம் 85 டெசிபெல் இரைச்சலில் நிற்பதே காலப்போக்கில் உள்காதைத் தாக்கக்கூடியது; மூடிய இயந்திர அறையில் ஓடும் டீசல் இயந்திரம் அந்த அளவை எளிதில் தாண்டும். இரைச்சலால் வரும் செவிக்குறை எல்லா ஒலிகளையும் ஒரே சீராகக் குறைப்பதில்லை. ஆடியோமெட்ரி என்னும் செவிச்சோதனையின் வரைபடத்தில், ஒலியின் சுருதியைக் காட்டும் அளவில் 4000 ஹெர்ட்ஸை ஒட்டிய பகுதியில் முதலில் ஒரு பள்ளம் விழும். உயிரொலிகளின் வலிமை அதற்குக் கீழே இருப்பதால் பேச்சு உரக்கவே கேட்கும். ஸ், ஃப், த் போன்ற உரசொலிகளின் வலிமை மேலே இருப்பதால் அவை மட்டும் காணாமல் போகும். "சத்தம் கேட்கிறது, ஆனால் என்ன சொல்கிறார் என்று விளங்கவில்லை" என்று வருபவர்களில் பலருக்கு இதுதான் காரணம்.

தமிழில் இந்தக் குறை நெடுநாள் தெரியாமலே இருக்கும். தாய்மொழியில் விடுபட்ட ஒலியை மனம் தானாகவே நிரப்பிவிடுகிறது. அரைகுறையாகக் கேட்கும் அயல்மொழியில் நிரப்புவதற்கு மனத்திடம் சரக்கு இல்லை. மேலும், ஆங்கிலத்தில் பன்மை, உடைமை, நிகழ்கால வினைமுடிவு எல்லாம் அந்த ஒற்றை 'ஸ்' மேல் ஏறி நிற்கின்றன. ஆகவே காது, மூக்கு, தொண்டைப் பிரிவுக்குச் சென்று 250 முதல் 8000 ஹெர்ட்ஸ் வரையிலான சோதனை ஒன்றைச் செய்துகொள்ளுங்கள். காதில் வண்டு ரீங்காரமிடுவது போன்ற இரைச்சல் இருந்தால் அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். இழந்தது திரும்பாது என்பதால், வேலை செய்யும்போது காதுமூடி அணிவதை இன்றே தொடங்குவது நல்லது.

செவிலியம்மாவின் கதை இதுவன்று என்றே நினைக்கிறேன். வாசிப்பும் ஒலியும் முட்டிக்கொள்கின்றன என்று அவர் சொல்வது பயிற்சி சார்ந்தது. இருந்தாலும் ஒரு சிறு எச்சரிக்கை: மலிவான காதொலிப்பான்களில் இந்த உச்ச ஒலிகள் மங்கிவிடும். காதை மூடி நிற்கும் நல்ல ஹெட்போனில் ஒரு முறை, இப்போது பயன்படுத்துவதில் ஒரு முறை என்று அதே துண்டைக் கேட்டுப் பாருங்கள்.

கீழக்கரை மாலுமி

வணிகக் கப்பல்களில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவன் நான். ஊர்ப் பிள்ளைகள் "காக்கா (அண்ணா), கப்பலில் எல்லாரும் ஆங்கிலம் பேசுவார்களாமே, எப்படிச் சமாளித்தீர்கள்?" என்று கேட்பார்கள். கப்பலின் மேல்தளத்தில் பிலிப்பைன்ஸ்காரர் ஒருவர், சீனர் ஒருவர், கிரேக்கர் ஒருவர், நான் ஒருவன் என்று இருப்போம். ஆங்கிலம் எங்களில் ஒருவருக்கும் தாய்மொழி அன்று. இந்தச் சிக்கலுக்காகவே பன்னாட்டுக் கடல்சார் அமைப்பு 2001-இல் கடல் தொடர்புக்கான நிலையான சொற்றொடர்களை ஏற்றது. செய்தி எத்தகையது என்பதைத் தொடக்கத்திலேயே 'வார்னிங்', 'கொஸ்சன்', 'இன்டென்ஷன்' என்று சொல்லி அறிவிக்கலாம் என்பது அதில் உள்ள ஏற்பாடு. எண்களைத் தனித்தனி இலக்கமாகச் சொல்ல வேண்டும்; 150 என்றால் 'ஒன் ஃபைவ் ஸீரோ'. சுக்கானைத் திருப்பும் கட்டளையில் மட்டும் 15 என்பதை 'ஃபிஃப்டீன்' என்றே சொல்வோம்.

செவிச்சோதனையாளர் சொன்னது கப்பலில் பேசப் பயன்படும் எங்கள் விஎச்எஃப் வானொலிக் கருவிக்கும் பொருந்தும். அதன் குரல் அலைவரிசை ஏறத்தாழ 3000 ஹெர்ட்ஸோடு நின்றுவிடுவதால், நல்ல காது உள்ளவனுக்கும் 'எஸ்' எது 'எஃப்' எது என்று தெரியாது. அதனால்தான் பெயர்களை ஆல்ஃபா, பிராவோ, சார்லி என்று எழுத்துக் கூட்டிச் சொல்கிறோம். கேட்டதைத் திருப்பிச் சொல்லி உறுதிசெய்வதும், விளங்காதபோது 'ஸே அகெய்ன்' என்பதும் அங்கே அன்றாட ஒழுங்கு. யாரும் அதைக் கேவலமாகப் பார்ப்பதில்லை. நீங்களும் மருத்துவமனையில் தொலைபேசி வழியாக வரும் மருந்துக் கட்டளையை எழுதித் திருப்பி வாசிக்கிறீர்கள் அல்லவா, அதே முறைதான்.

தேர்வில் இந்த வசதி கிடையாது என்பதை அறிவேன். ஒரு முறைதான் ஒலிக்கும். ஆகவே எண்ணுக்கென்று தனியாக ஒரு சோதனை வைத்துக்கொள்ளுங்கள். 'ஃபிஃப்டீன்', 'ஃபிஃப்டி' இரண்டையும் அழுத்தத்தை வைத்துப் பிரிக்கலாம் என்று சொல்லிக்கொடுப்பார்கள். முன்னதில் அழுத்தம் கடைசியில், பின்னதில் தொடக்கத்தில். ஆனால் 'ஃபிஃப்டீன் மில்லிகிராம்' என்று அடுத்து ஒரு சொல் வந்துவிட்டால் அழுத்தம் பெரும்பாலும் முன்னால் நகர்ந்துவிடும். அப்போது கைகொடுப்பது நீண்ட ஈகாரமும் கடைசி னகரமுமே. அதேபோல 'கேன்', 'கான்ட்' இரண்டிலும் கடைசி டகரத்தைத் தேடாதீர்கள், அது பெரும்பாலும் ஒலிக்காது. 'ஐ கன் கோ' என்று உயிரொலி சுருங்கினால் 'முடியும்' என்று பொருள். உயிரொலி நின்று அழுத்தமாக ஒலித்தால் 'முடியாது' என்று பொருள்.

இராமேசுவரம் வழிகாட்டி

நான் படித்தது குறைவு, ஆனால் வெளிநாட்டுப் பயணிகளோடு நாள்தோறும் பேசுகிறவன் என்பதால் ஒன்று சொல்கிறேன். கோயில் பிராகாரத்தில் எத்தனை தூண், 22 தீர்த்தத்திலும் நீராட எவ்வளவு நேரம் ஆகும், அரிச்சல்முனையிலிருந்து இலங்கை எவ்வளவு தொலைவு, 1964 புயலில் ரயில் எங்கே போனது என்று அவர்கள் எந்த நாட்டு உச்சரிப்பில் கேட்டாலும் எனக்கு விளங்கிவிடும். ஏனென்றால் கேள்வி வருவதற்கு முன்பே அது இன்னதாக இருக்கும் என்று எனக்குத் தெரியும். அதே பயணி வண்டியில் ஏறியபின் தம் முழங்கால் அறுவைச் சிகிச்சையைப் பற்றிப் பேசத் தொடங்கினால் எனக்கு ஒன்றுமே பிடிபடாது. என் காது அதே காதுதான். ஆகவே சோதிக்கும்போது தெரிந்த பொருள் ஒன்று, தெரியாத பொருள் ஒன்று என்று இரண்டிலும் சோதித்துப் பார்க்க வேண்டும்.

இன்னொன்று. எங்கள் பக்கம் இலங்கைப் பண்பலை நிலையங்கள் தெளிவாகவே கேட்கும். ஆங்கில நிகழ்ச்சிகளும் உண்டு. அதைக் கேட்டுப் பழகச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். அந்த அறிவிப்பாளர்களின் உச்சரிப்பு நம்முடையதற்கு நெருக்கமானது என்பதால் கேட்க இன்பமாக இருக்கும், லண்டன்காரர் பேச்சுக்கு அது ஒத்திகை ஆகாது.

மண்டபம் ஆசிரியர்

வழிகாட்டி சொன்னது முதன்மையானது. ஓஇடி தேர்வின் முதற்பகுதியில் நோயாளியும் மருத்துவப் பணியாளரும் பேசும் இரண்டு உரையாடல்களைக் கேட்டுக் குறிப்பில் உள்ள இடைவெளிகளை நிரப்ப வேண்டும். 42 வினாக்களில் 24 அங்கேயே இருக்கின்றன. ஒலி தொடங்குமுன் அந்தக் குறிப்பை வாசிக்கச் சிறிது நேரம் தருகிறார்கள். அதில் 'முன்பு எடுத்துக்கொண்ட மருந்து' என்ற தலைப்பின்கீழ் ஓர் இடைவெளி இருந்தால் அங்கே வரக்கூடியது ஒரு மருந்தின் பெயரோ, அளவோ, நிறுத்திய காரணமோதான். அதை முன்கூட்டியே எண்ணி வைத்திருப்பவருக்கும், தலைப்பைப் பாராமல் காதை மட்டும் திறந்து வைத்திருப்பவருக்கும் இடையே பெரிய வேறுபாடு உண்டு.

ஆனால் ஊகம் இருபுறமும் கூரானது. ஐஇஎல்டிஎஸ் என்னும் பொது ஆங்கிலத் தேர்வை எழுதுபவர்கள் இதில் அடிக்கடி விழுவார்கள். அதில் 40 வினாக்களும் ஏறத்தாழ அரை மணி நேரத்தில் ஒரே முறை ஒலிக்கும் பதிவிலிருந்து வருகின்றன. முதற்பகுதியில் ஒருவர் செவ்வாய்க்கிழமை என்று சொல்லிவிட்டு, அடுத்த மூச்சிலேயே இல்லை, புதன்கிழமை என்று திருத்துவார். கேட்ட முதல் விடையை எழுதிவிட்டுக் காதை மூடிக்கொண்டவர் மதிப்பெண்ணை இழப்பார். அங்கே எழுத்துப்பிழைக்கும் மதிப்பெண் போகும் என்பது வேறு. 40-க்கு 23 வந்தால் தரநிலை ஏறத்தாழ 6, 30 வந்தால் 7 என்பது அவர்கள் கணக்கு; இடையில் இருக்கும் அந்த ஏழு வினாக்களில் எத்தனை காதின் குறை, எத்தனை பதற்றம், எத்தனை எழுத்துப்பிழை என்று பிரித்துப் பார்ப்பவர்கள் அரிது.

தேவிபட்டினம் செவிலி

எல்லாருக்கும் நன்றி. ஆசிரியர் சொன்ன முறையில் மாதிரித் தேர்வின் முதற்பகுதியிலிருந்து சில துண்டுகளை எடுத்து, இரவுப் பணி இல்லாத நாட்களில் செய்து பார்த்தேன். முடிவு நான் எதிர்பார்த்தபடி இல்லை.

சுருங்கி ஒட்டிய சொற்களால் விடுபட்டவை நிறைய இருந்தன. 'யூஸ்டு டு', 'மைட் ஹாவ்', 'கைண்ட் ஆஃப்' வரும் இடமெல்லாம், பிடிபடவில்லை என்று நான் போட்ட கீறலாகவே என் தாளில் இருக்கிறது. ஆனால் அதற்கு இணையாக இன்னொரு வகைப் பிழையும் இருந்தது. 'வாமிட்டிங்' என்று சொன்னால் எனக்குத் தெரியும், ஆனால் நோயாளி 'த்ரோயிங் அப்' என்கிறார். மயங்கி விழுந்ததை 'பாஸ்டு அவுட்' என்கிறார். கை மரத்து ஊசி குத்துவது போல இருப்பதை 'பின்ஸ் அண்ட் நீடில்ஸ்' என்கிறார். வலி விட்டு விட்டு வருவதை 'ஆன் அண்ட் ஆஃப்' என்கிறார். ஒலியை நான் சரியாகவே எழுதியிருக்கிறேன், பொருள்தான் தெரியவில்லை. நான்கு ஆண்டுகள் நாங்கள் படித்தது மருத்துவர் எழுதும் ஆங்கிலம். நோயாளி பேசும் ஆங்கிலத்தை யாரும் சொல்லித் தரவில்லை. நம் ஊரில் வார்டுக்கு வருபவர் 'வயிற்றைப் புரட்டுகிறது', 'கிறுகிறு என்று வருகிறது' என்று சொன்னால் குறிப்பேட்டில் நாம் வேறு சொல்லில் எழுதுகிறோம் அல்லவா, அதே வேலைதான் இதுவும் என்று இப்போது விளங்குகிறது.

வழிகாட்டி அண்ணன் சொன்னபடி, மருத்துவமனைக்கு வெளியே உள்ள ஒரு பொருளையும் சோதித்தேன். வீட்டு வாடகை பற்றிய அந்த உரையாடலில் முதல் முறை கேட்டபோது எழுதிய ஒற்றை வாக்கியமே தவறாக இருந்தது. மருத்துவ உரையாடல்களில் அந்த வாக்கியம் ஒரு முறையும் தவறவில்லை.

அடுத்து எதிலிருந்து தொடங்குவது?

மண்டபம் ஆசிரியர்

நோயறிதல் நன்றாக முடிந்தது. இரண்டு வேலைகளையும் தனித்தனியே வைத்துக்கொள்ளுங்கள். நோயாளிகளின் வழக்குகளுக்கு ஒரு குறிப்பேடு போதும். ஒவ்வொரு உடல் உபாதைக்கும் நேரே அதைச் சொல்லும் பேச்சு வழக்குகளைச் சேர்த்துக்கொண்டே வாருங்கள், ஒலியோடு சேர்த்துக் கேட்டும் வையுங்கள். மருத்துவச் சூழலுக்குள் இவற்றின் எண்ணிக்கைக்கு ஓர் எல்லை உண்டு. சில வாரங்களில் பிடித்துவிடலாம். பொதுப் பேச்சு அப்படி அன்று. பேச்சு மொழியில் 98 விழுக்காட்டுச் சொற்கள் பழகியவையாக இருக்க 6000 முதல் 7000 சொற்குடும்பங்கள் (ஒரு சொல்லும் அதன் பல வடிவங்களும் சேர்ந்தது ஒரு குடும்பம்) வேண்டும் என்று சொல்வள ஆய்வாளர் பால் நேஷன் 2006-இல் கணக்கிட்டார். வீட்டு வாடகை உரையாடலை இப்போதைக்குத் தள்ளி வையுங்கள்.

ஒட்டிய ஒலிகளுக்கு வாய்தான் மருந்து. கீறல் விழுந்த அந்த வாக்கியங்களை மட்டும் எடுத்து, பேசுபவர் முடிப்பதற்குள்ளேயே அவர் குரலின் மேல் ஏறி, அவர் விழுங்கியதை நீங்களும் விழுங்கி, அதே தாளத்தில் சொல்லிப் பழகுங்கள். 'மைட் ஹாவ்' என்பதை 'மைட்டவ்' என்று உங்கள் வாயே சொல்லிவிட்டால் காது அதைத் தவறவிடாது. கூச்சமாக இருந்தால் கடற்கரைப் பக்கம் நடந்துகொண்டே செய்யலாம். ஒரு நாளைக்குக் கால் மணி நேரத்துக்கு மேல் வேண்டாம். களைத்த காதுக்கு எல்லாம் இரைச்சல்தான்.

பனைக்குளம் அபு

துணையெழுத்து விசயத்தில் ஆசிரியர் சொன்னதை ஏற்றுக்கொண்டு வேறொன்று கேட்கிறேன். என் மேலாளர் ஸ்காட்லாந்துக்காரர். அவர் ரகரத்தை உருட்டிப் பேசியதால் எங்களுக்கு மற்ற ஆங்கிலேயர்களைவிட அவர் பேச்சுதான் எளிதாக விளங்கியது, ஆனால் உயிரொலிகளில் தடுமாறுவோம். செவிலிச் சகோதரி கிளாஸ்கோவுக்கோ லிவர்பூலுக்கோ போக நேரிட்டால் தேர்வுப் பதிவில் கேட்ட குரல் அங்கே இருக்காதே?

மண்டபம் ஆசிரியர்

இருக்காது. ஆனால் புதிய உச்சரிப்புக்குக் காது பழகுவது புதிய மொழி கற்பது போன்ற நெடிய வேலை அன்று. ஒரே ஆளின் பேச்சைத் தொடர்ந்து சில மணி நேரம் கேட்டாலே பெரும்பகுதி பிடிபட்டுவிடும். வேலை உறுதியாகி ஊர் தெரிந்த பிறகு, அந்த ஊர் உள்ளூர் வானொலியின் பேட்டிகளை இணையத்தில் கேட்கத் தொடங்கினால் போதும்.

தேவிபட்டினம் செவிலி

கடைசியாக ஓர் ஐயம். முன்னேறியிருக்கிறேனா என்று பார்க்க, முதலில் சோதித்த அதே துண்டுகளை ஒரு மாதம் கழித்து மீண்டும் எழுதிப் பார்க்கலாமா?

மண்டபம் ஆசிரியர்

கூடாது. அந்தத் துண்டுகள் இப்போது உங்களுக்கு மனப்பாடம்; காது கேட்காவிட்டாலும் நினைவு எழுதிக் கொடுத்துவிடும். அதே வகை உரையாடல், ஏறத்தாழ அதே நீளம், ஆனால் இதுவரை திறக்காத பதிவு ஒன்றை இன்றே எடுத்துப் பெயரிட்டுத் தனியாக வைத்துவிடுங்கள். திருத்தும்போது மொத்தப் பிழைகளை எண்ணாமல், கீறல் வகை எத்தனை, பொருள் தெரியாத வகை எத்தனை என்று பழைய தாளோடு பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மெக்கானிக் தம்பி, ஆடியோமெட்ரி முடிவு வந்ததும் இங்கே எழுதுங்கள். உங்களுக்கு எந்த வகை ஒலிப்பதிவு பொருந்தும் என்பதை அதைப் பார்த்த பிறகுதான் சொல்ல முடியும்.